ஒன்றரை அங்குலம்

ஆர்லின் கடையிலிருந்து போன் வந்தபோது கார்லா அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். குச்சியின் முனையில் சின்னதாக ஒரு பஞ்சு. தண்ணீரில் தோய்த்து உதட்டில் வைத்தால் அப்பா அதைச் சப்பிக்கொள்வார். இந்த வாரம் அவருக்குள் இறங்கியதெல்லாம் அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

சமையலறைச் சுவரில் இருந்த போனை லவோன் எடுத்தாள். லவோன் அப்பாவின் இரண்டாவது மனைவி. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய அந்தத் தொண்டைக்கு, அடுத்த அறையில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகத் தணிந்து பேசத் தெரியவில்லை.

"யாரு, ஆர்லினா? ரெடியாயிடுச்சா? நல்ல நேரம் பாத்து ரெடி பண்ணீங்க போங்க. இங்க மனுஷன் ஒரு ஸ்பூனத் தூக்க முடியாமக் கெடக்கிறாரு, வில்லு ரெடியாம் வில்லு."

ஆர்லின் என்ற பெயர் காதில் விழுந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து கார்லா எத்தனை தடவை கூப்பிட்டும் திறக்காத கண். அவளுக்கு லேசாக எரிச்சல்கூட வந்தது.

"போய் வாங்கிட்டு வா," என்றார்.

"என்னதுப்பா?"

"வில்லு. நீ போ. உங்கண்ணன் கர்ட்ட அனுப்பாத."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உத்தரவு போட்டாயிற்று, இனி அவருக்கு வேலை இல்லை என்பதுபோல.

கார்லா சமையலறைக்கு வந்தாள். மேஜை முழுக்க அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுத் தட்டுகள், அலுமினியத் தாள் போட்டு மூடி. "என்ன வில்லு லவோன்?"

"அத ஏன் கேக்கிற. ஜூலை மாசம் பேப்பர்ல ஒரு விளம்பரத்தப் பாத்துட்டு ஒரே பிடிவாதம். ஆக்ஸிஜன் குழாய மூக்குல மாட்டிக்கிட்டு, சிலிண்டர இழுத்துக்கிட்டு, ஊர் பேர் தெரியாதவன் கராஜுக்குள்ள போய் பழைய வில்லு வாங்கின மனுஷன் இந்த மாவட்டத்துலயே உங்கப்பா ஒருத்தர்தான். நான்தான் வண்டி ஓட்டினேன். விக்கிற பையன், 'சும்மா இழுத்து விட்டுப் பாருங்க சார், நல்லா சத்தம் குடுக்கும்'னான். உங்கப்பா அவன ஒரு முறை முறைச்சாரு பாரு. அம்பு இல்லாம நாண விடச் சொல்றவன்கிட்ட ஒரு ஊசி கூட வாங்கக் கூடாதுன்னு கார்ல வந்து சொன்னாரு. சொன்னவரு மடியிலதான் அந்த வில்லு இருந்துச்சு."

"யாருக்கு வாங்கினாராம்?"

"என்கிட்ட எதச் சொல்றாரு அவரு? ஆர்லின்கிட்ட குடுத்து சரி பண்ணணும்னாரு. அதோட சரி."

காலையில் வந்த நர்ஸ் அப்பாவின் சில்லிட்டு நிறம் மாறிய முழங்காலைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு, இல்லாவிட்டால் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கார்லா கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டு நின்றாள்.

"நான் போயிட்டு வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"கண்ணத் தொறந்து ஒண்ணு கேட்டாரு. அதச் செய்யாம பக்கத்துல உக்காந்து மட்டும் என்ன பண்ணப் போற? போயிட்டு வா கண்ணு. கர்ட் பால் வண்டிய விட்டுட்டு வந்துட்டே இருக்கான். நானும் எங்கயும் ஓடிடல."

செப்டம்பர் நடுவில் அந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் சோளம், நடுநடுவே மஞ்சள் பூத்த காட்டுச் செடி, ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் வைக்கோல் கட்டின் முன்னால் ஒரு குறிப்பலகை. சனிக்கிழமை வில் வேட்டைக்கான சீசன் திறக்கிறது. பெட்ரோல் பங்கில் வேலை செய்பவன் முதல் பாதிரியார் வரை எல்லோரும் சாயங்காலமானால் கொல்லையில் நின்று அம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார்லா பிறந்து வளர்ந்தது அப்பாவின் அந்த வீட்டில்தான். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மில்வாக்கியில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை, ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவுக்கு ஒரு போன். சின்ன வயதில் ஒவ்வொரு செப்டம்பரிலும் விடிவதற்கு முன்னால் அவள் விழித்துக்கொள்வாள். ஹாலில் அப்பாவும் அண்ணன் கர்ட்டும் காலுறையோடு நடக்கும் சத்தம் கேட்கும். பிளாஸ்கில் காபி ஊற்றும் சத்தம் கேட்கும். போர்வைக்குள் சட்டை பேன்ட்டோடு அவள் தயாராகப் படுத்திருப்பாள். அறைக் கதவை அப்பா ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டியதே இல்லை. வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து சட்டையை மாற்றிக்கொள்வாள்.

பதினைந்து வயதில் அந்த ஆசைக்குத் தன் வாயாலேயே மண்ணை அள்ளிப் போட்டாள். எதையோ படித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் மான் கறி வறுவல் தட்டைத் தள்ளி வைத்து, இனிமேல் எந்த மிருகத்தையும் தின்ன மாட்டேன் என்று அறிவித்தாள். கர்ட் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. சரி என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அடுத்த கோடையில் மாவட்டத் திருவிழாவில் பன்றிக் கறி சாசேஜ் சுடும் வாசனைக்கு அவளுடைய விரதம் முறிந்தது. ஆனால் அதற்குள் அப்பா அவளுக்கென்று பீன்ஸ் வடை மாதிரி ஏதோ ஒன்றைப் பெட்டி பெட்டியாக வாங்கி ஃப்ரீசரில் அடுக்கியிருந்தார். எப்படிச் சொல்வது? இந்தா அந்தா என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் அவள் ஊருக்கு வந்தால் அந்தப் பெட்டி வெளியே வரும். அவளும் ருசியே இல்லாத அந்த அட்டையை மென்று விழுங்கிவிட்டுப் போவாள்.

மானை அடிக்க வேண்டும் என்று அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. காட்டுக்குள் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அவர் கூப்பிட வேண்டும். வர்றியா என்று அவர் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். இந்த வாரம் முழுக்கக் கட்டிலோரம் அவள் உட்கார்ந்திருந்தது அதற்காகவும்தான். வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

ஆர்லினின் கடை என்பது அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கொட்டகை. மெழுகு வாசனையும் மர வாசனையும் கலந்து அடித்தது. ஆர்லின் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உங்கப்பா வெர்னன் எப்படி இருக்காரு?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு தனக்குப் பேச வருகிற விஷயத்தைப் பேசினார். வில் மேஜை மேல் ஒரு கவையில் மாட்டியிருந்தது. மேலும் கீழும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில், மரப்பட்டை நிறத்தில்.

"பழைய வில்லு வாங்கறது பழைய கார் வாங்கற மாதிரி இல்லம்மா. கார் நின்னுபோச்சுன்னா எறங்கி நடந்துக்கலாம். இது மொகத்துக்குப் பக்கத்துல வெடிக்கும். உங்கப்பாவுக்கு இதுல ஏதோ சந்தேகம். என்னன்னு சொல்லத் தெரியல. நான் பஞ்ச எடுத்து வில்லோட இந்தக் கை மேல, மேலேர்ந்து கீழ தடவிக்கிட்டே வந்தேன். இந்தா, இந்த எடத்துல பஞ்சு மாட்டுச்சு. கண்ணுக்கே தெரியாத கீறல். எவனோ அம்பு பூட்டாம நாண விட்டிருக்கான். அம்புக்குப் போக வேண்டிய வேகம் பூரா வில்லுக்குள்ளயே திரும்பிடும். ரெண்டு கையையும் மாத்தியாச்சு. அது வந்து சேரத்தான் இத்தன நாள். நாணும் புதுசு. இழுக்கற பாரத்த நாப்பத்திரண்டு பவுண்டுல வெச்சிருக்கேன்."

"அப்பா அறுபத்தஞ்சுல்ல இழுப்பாரு?"

ஆர்லின் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "அவருக்கா? இது உனக்குத்தாம்மா. 'எம் பொண்ணுக்கு, இழுவை இருபத்தஞ்சரை அங்குலம்'னு சொல்லிட்டுப் போனாரு. ஆளக் கூட்டிட்டு வாய்யா, அளந்துக்கலாம்னேன். அளந்து வெச்சிருக்கேன்னுட்டாரு. உங்கிட்ட சொல்லலியா?"

"இல்ல."

"அவரு சொல்லமாட்டாருதான்," என்றார் ஆர்லின்.

கார்லா வில்லைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஒரு தடவ இழுத்துக் காட்டு. ஆளு இழுக்கறதப் பாக்காம நான் வில்ல வெளிய விடறதில்ல."

"நேரமில்ல ஆர்லின். நான் வீட்டுக்குப் போகணும்."

கடை வைத்த நாளிலிருந்து அந்த விதியை அவர் மீறியதில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு மீறினார். வில்லை ஒரு துணிப் பையில் போட்டு, நாணைப் பிடித்து விடுவதற்கு மணிக்கட்டில் கட்டும் விசையையும் அதில் வைத்து, அம்புகளைத் தனியாகக் கட்டி, வாசல்வரை கூடவே வந்தார். "அம்பு பூட்டாம இழுக்காத. இழுக்கறப்ப விசை மேல விரல வெக்காத, குறி பாத்தப்புறம்தான் விரலு. அளவு ஒத்துவரலன்னா ஸ்க்ரூவ இடம் மாத்தணும். மேல் கப்பிலயும் கீழ் கப்பிலயும் ஒரே நம்பர்ல இருக்கணும், தெரியுதா? மாத்தினா குறி தப்பும். அப்புறம் எங்கிட்ட கொண்டா."

வழியில்தான் அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கராஜ் சுவர். அதே பதினைந்து வயது. அப்பா ஒருநாள் கூப்பிட்டு, முதுகு சுவரில் ஒட்ட நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் அகல விரிக்கச் சொன்னார். இரண்டு நடுவிரல் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு டேப்பை வைத்தார். கோட்டு வாங்கவாப்பா என்று கேட்டாள். பாக்கலாம் என்றார். விரித்த கையின் நீளத்தை இரண்டரையால் வகுத்தால் இழுவையின் நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்க வேண்டும் என்பது. இது கர்ட்டுக்குத் தெரியும், ஆர்லினுக்குத் தெரியும், அந்த ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவளுக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. அதற்கடுத்த வாரம்தான் அவள் கறித் தட்டைத் தள்ளி வைத்தது.

அப்படியானால் அந்த வருஷமே அவர் கூப்பிடுவதாக இருந்திருக்கிறார். கார்லா ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள்.

வீட்டு வாசலில் கர்ட்டின் வண்டி நின்றது. அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவள் வில்லைப் பையிலிருந்து எடுத்துப் போர்வை மேல் வைத்தாள். அப்பாவின் கை அதைத் தேடி ஊர்ந்து வந்தது. விரல் நுனி நாணைக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழே மெதுவாகப் போய், நடுவில் அம்பு பூட்டும் இடத்தில் நின்றது.

"காட்டு," என்றார்.

"இங்கயாப்பா?"

"வெளிய."

கர்ட் தலையைச் சொறிந்தான். பெரிய உடம்பு, பால் வண்டி ஓட்டி ஓட்டி முதுகு போனவன். "வீட்டுக்குள்ள வில்லப் புடிச்சா அவரு செத்தும் மன்னிக்க மாட்டாரு. போ கார்லா. நான் கட்டிலத் திருப்பறேன்."

கட்டில் வாடகைக்கு எடுத்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். கர்ட் அதைச் சுற்றி, சக்கரத்தை உருட்டி, கொல்லைப்பக்க ஜன்னலுக்கு நேராக நிறுத்தினான். கார்லா வெளியே வந்து, அப்பா அம்பு விட்டுப் பழகும் குறிமூட்டைக்கு எதிரே நின்றாள். மூட்டைக்குப் பின்னால் உருட்டிய வைக்கோல் கட்டு, அதற்கும் பின்னால் ஒருமுறை அறுத்து மறுபடி முழங்காலுக்கு வளர்ந்த தீவனப் புல். வயலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அம்பைப் பூட்டினாள். மணிக்கட்டில் கட்டிய விசையை நாணில் மாட்டி, விரலை அதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இழுத்தாள்.

முதலில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பாதிக்கு மேல் கப்பி உருண்டு சட்டென்று பாரம் முழுக்க விலகியது. இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பார்க்கிறார். அதை நினைக்கவே அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் வெளுப்பாகத் தெரிந்தது. வாய் அசைந்தது. லவோன் குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். லவோன் நிமிர்ந்து ஜன்னலைத் தூக்கப் பார்த்தாள். பெயின்ட் ஒட்டிக்கொண்டு அது வரவில்லை. கர்ட் வந்து குத்தித் தூக்கினான்.

"கட்டையா இருக்காம்!" லவோனின் குரல் கொல்லையைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு நாயைக் குரைக்க வைத்தது.

"என்னது?"

"கட்டை! இழுவை கட்டையா இருக்காம்! அம்ப விடாதங்கிறாரு! எறக்கச் சொல்றாரு!"

இறக்குவது இழுப்பதைவிடக் கஷ்டம். விலகிப்போன பாரம் ஒரேயடியாகத் திரும்பி வந்து அவள் கையை முன்னால் பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நாணை அங்குலம் அங்குலமாகத் திரும்ப விட்டாள். அம்பைக் கழற்றினாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நாண் வாயோரம் வரவில்லை. முழங்கை பின்னால் போகாமல் முன்பக்கமாகவே குறுகி நின்றிருந்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் வளர்ந்தது அந்தக் கராஜ் சுவருக்குத் தெரியாது. ஒன்றரை அங்குலமாவது குறைச்சல்.

ஓடி உள்ளே வந்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு அடித்தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அப்பா, அது பழைய அளவுப்பா. நான் அதுக்கப்புறம் வளந்துட்டேன்ல?"

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லவோன் அடுத்த அறைக்குப் போகும்வரை காத்திருந்தாள். "இன்னொண்ணுப்பா. நான் கறி சாப்பிடுவேன். ரொம்ப வருஷமா சாப்பிடறேன்."

"அது எல்லாருக்கும் தெரியுமே," என்றான் வாசற்படியில் நின்ற கர்ட்.

"அப்பாவுக்குமா?"

கர்ட் யோசித்தான். "அவரத் தவிர."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. கர்ட், சாண்ட்விச் செய்யப் போகிறேன், உனக்கு வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

அப்பா மத்தியானம் போய்விட்டார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒரு தடவை அடுத்தது வரவே இல்லை. கர்ட் சமையலறையில் கடுகுச் சாந்து பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தான். கார்லா அவனைக் கூப்பிடவில்லை. அந்தக் கை சூடாக இருக்கும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு சட்டென்று வேலைகளால் நிறைந்துவிட்டது. நர்ஸ் வந்தாள். சவ அடக்கக் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து, காலணியை வாசலில் நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, அப்பாவைக் கொண்டுபோனார்கள். லவோன் பாதிரியாரிடம் போனில் பேசினாள். அவள் அழவில்லை, அந்தக் குரலில் கரகரப்பு மட்டும் கூடியிருந்தது.

"சனிக்கிழமையா? என்ன ஃபாதர் நீங்க, சனிக்கிழம சீசன் தொறக்குது. நீங்களே வில்ல வெச்சுக்கிட்டு எந்த மரத்து மேல உக்காந்திருப்பீங்களோ. சனிக்கிழம சடங்கு வெச்சா இவரே எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. திங்கக்கிழம வெச்சுக்கலாம்."

போனை வைத்ததும் கார்லா கேட்டாள். "லவோன், அந்த நேரத்துல அப்பா வேற ஏதாவது சொன்னாரா?"

"எந்த நேரத்துல?"

"நான் வெளிய நின்னப்ப."

"கட்டைன்னாரு. விடாதன்னாரு. அதான் கத்தினேனே."

"எப்படிச் சொன்னாரு?"

"எப்பவும் சொல்ற மாதிரிதான் கண்ணு. குத்தம் சொல்ற மாதிரி." போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கப் போய்விட்டாள்.

கட்டிலில் போர்வையை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். கார்லா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு ஆயுசு காத்திருந்ததற்குக் கிடைத்தது ஒரு குற்றம், அதுவும் அடுத்தவர் வாய் வழியாக. வில்லை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். கருவிப் பலகையில் ஸ்க்ரூ கழற்றும் ஆலன் கீ கட்டு வழக்கமான ஆணியில் தொங்கியது. சரி, கட்டை என்றால் கட்டை, அதையாவது சரி செய்வோம் என்று மேல் கப்பியின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, துளைக்கு அரை அங்குலமாக மூன்று துளை தள்ளி மாட்டினாள். கீழ்க் கப்பியிலும் அதே நம்பரில் மாட்டினாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். ஆர்லின் பார்த்திருந்தால் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்.

கொல்லையில் வெயில் சாய்ந்திருந்தது. அம்பைப் பூட்டி மெதுவாக இழுத்தாள். நாண் நேராக வாயோரம் வந்து ஒட்டியது. முழங்கை பின்னால் போய்த் தோளோடு ஒரு கோடாக நின்றது. இதுதான் சரியான அளவு, உடம்பே சொல்லிற்று. ஆனால் குறி பார்ப்பதற்காக நாணில் செருகியிருந்த சின்ன வளையம் கண்ணுக்கு நேராக வரவில்லை. மாத்தினா குறி தப்பும் என்று ஆர்லின் சொன்னது ஞாபகம் வந்தது. இறக்கியிருக்க வேண்டும். அவளுக்கு இன்னொரு தடவை இறக்க மனசு வரவில்லை. விசையைத் தொட்டாள்.

அம்பு மூட்டைக்கும் மேலே, வைக்கோல் கட்டுக்கும் மேலே போய்த் தீவனப் புல்லுக்குள் எங்கோ இறங்கியது.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கர்ட் படியில் நின்றிருந்தான். "எங்க விழுந்துச்சு, பாத்தியா?"

"இல்ல."

"அத விட்டுட முடியாது கார்லா. அடுத்த வாரம் அந்தப் புல்ல அறுக்கறாங்க. மெஷின்ல மாட்டி நொறுங்குச்சுன்னா மாடு தின்னுடும்."

"தெரியும்."

இது அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விட்ட அம்பைக் கண்டுபிடிக்காமல் அப்பா ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. கார்லா வில்லைப் படியில் வைத்துவிட்டு வயலுக்குள் போனாள். இந்த அம்பு புல்லின் வேர்மட்டத்தில் படுத்துச் சொருகிக்கொள்ளும், நின்று பார்த்தால் தெரியாது. மண்டி போட்டு, இரண்டு கையாலும் புல்லை விலக்கி விலக்கி நகர வேண்டும். கர்ட் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகியபடி அவளுக்கு வலப்புறம் மண்டி போட்டான். கொஞ்ச நேரத்தில் லவோன் ஏப்ரனோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் இடப்புறம் மண்டி போட்டாள். மூன்று பேரும் ஒரு வரிசையாக வயலுக்குள் நகர்ந்தார்கள். சாலையில் போன ஒரு வண்டி வேகத்தைக் குறைத்து, என்னவென்று பார்த்துவிட்டுப் போயிற்று.

"இப்ப கட்டையா இல்லியே?" என்றாள் லவோன், புல்லை விலக்கிக்கொண்டே.

"இல்ல. மாத்திட்டேன்."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா எனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருக்கும். சரி பண்ணச் சொல்லுன்னு சொல்லியிருந்தாரு பாவம். அவருக்கு என்னிக்கு என்ன கிழமைன்னே பிடிபடல கார்லா. கடைசியில எல்லாம் குழம்பிப் போச்சு."

"ஏன், என்ன சொன்னாரு?"

"'சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணச் சொல்லு'ன்னாரு. இவரு இருக்கிற இருப்புல சனிக்கிழம எங்க, ஞாயித்துக்கிழம எங்க. அந்த ஜன்னல் வேற தொறந்து தொலையல. எனக்கு மூச்சு வாங்குச்சு. அத மட்டும் கத்தாம விட்டுட்டேன்."

கர்ட் நகர்வதை நிறுத்தினான். தலையைத் திருப்பாமல் அப்படியே மண்டி போட்டு நின்றான். லவோன் மட்டும் புல்லைத் தடவிக்கொண்டு இரண்டடி முன்னால் போயிருந்தாள்.

கார்லாவின் கை புல்லுக்குள் இருந்தது. வேர்ப்பக்கம் ஈரமாக, சில்லென்று இருந்தது. சனிக்கிழமை சீசன் திறக்கிறது, அப்பா கதவைத் தட்டியிருக்கிறார்.

"கெடச்சுதா கண்ணு?" என்று லவோன் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள் கார்லா. அம்பு அவள் உள்ளங்கைக்குக் கீழேதான் இருந்தது.